நாலாவது கட்டம்

நான் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனால் ஒருவரைத் தோற்கடித்திருக்கிறேன். அதுவும் எதிர்த்து வேலை செய்து அல்ல, அவருக்காகவே மலை ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டு.

அவர் கரடியூர் சடையக் கவுண்டர். ஏற்காடு கடைத்தெருவில் இருக்கும் எங்கள் மளிகைக் கடைக்கு வாராவாரம் வருவார், அத்தாவுக்கு (என் அப்பாவுக்கு) சிநேகிதர். மகளைச் செம்மநத்தத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே அப்போது பஸ் கிடையாது. ரோடு என்று ஒன்று இருந்தால்தானே பஸ்? பிரசவ வலி வந்த மகளைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்ததை (பிள்ளை பாதி வழியிலேயே பிறந்துவிட்டது) அவரால் மறக்க முடியவில்லை. சட்டசபைத் தேர்தல் வந்ததும் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டார்.

"நான் செயிக்கப் போறதில்லீங்க பாய்," என்று அத்தாவிடம் சொன்னார். "செம்மநத்தம் பூத்துல மட்டும் மொத்த ஓட்டும் எனக்கு உழுந்துச்சுன்னா, செயிச்சவன் அந்த ஊரை ஒருக்காத் திரும்பிப் பாப்பான். ரோடு வரும். அது போதுமுங்க."

செம்மநத்தத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். காரணம், நான் பி.ஏ. (ஒரு பேப்பர் பாக்கி இருந்தது. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.)

சின்னம் ஒதுக்க இன்னும் சில நாள் இருந்தது. அதுவரை சும்மா இருப்பவன் மடையன் என்று எனக்குத் தோன்றியது. ஓட்டுச் சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் வரும். மனுப் போட்டவர்களின் பட்டியலை எடுத்து எண்ணினேன். சடையக் கவுண்டர் நாலாவது. படிக்காத ஜனங்களுக்குச் சின்னம் எதற்கு, எண்ணிக்கை போதாதா? இந்த யோசனை இந்தியாவில் வேறு யாருக்கும் வரவில்லையே என்று மலைப்பாதை நெடுக வியந்துகொண்டே போனேன்.

செம்மநத்தத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. அங்கே ஒரு வழக்கம். ஊர் பேசி ஒரு முடிவுக்கு வந்து, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் மாற்றம் கிடையாது. சத்தியத்தின் வாசகத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். "மேலிருந்து நாலாவது கட்டம்!" ஆணும் பெண்ணும் கற்பூரத்தின் மேல் கை நீட்டிச் சொன்னார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பி.ஏ. விடவில்லை.

"கடைசி நேரத்துல எதிராளிங்க ஏதாச்சும் தகிடுதத்தம் பண்ணுவாங்க. மாத்திச் சொல்லி நோட்டீஸ் வரும். படத்தைக் காட்டுவாங்க. எதையும் நம்பாதீங்க. நாலாவதுன்னா நாலாவது!"

"நீங்க ஏனுங்க கவலப்படறீங்க சின்ன பாய்," என்றார் ஊர்ப் பெரியவர். "சொன்னா சொன்னதுதானுங்க."

ஐந்தாறு நாள் கழித்து, எங்களுக்கு மேலே இரண்டாவதாக இருந்தவர் மனுவை வாபஸ் வாங்கினார். கவுண்டர் மூன்றாவதானார். ஐந்தாவதாக இருந்த பெரிய கட்சிக்காரர் நாலாவதானார். எங்களுக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. பட்டியலை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் நல்ல மழை, ஒற்றையடிப் பாதை, போதாக்குறைக்கு அட்டைப்பூச்சி. குடைப் படம் போட்ட நோட்டீஸ் ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். ஜனங்களுக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். கவுண்டரிடம் மூச்சு விடவில்லை.

சேலத்தில் ஓட்டு எண்ணினார்கள். செம்மநத்தம் பெட்டியைக் கவிழ்த்ததும் கவுண்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சீட்டுகளைப் பிரித்து அடுக்க அடுக்க, பெரிய கட்சியின் அடுக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. குடைக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. கவுண்டர் தோளிலிருந்து கையை எடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் விடிந்ததும் அவர் நேரே செம்மநத்தம் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார். (கூட்டிப்போனார் என்பது மரியாதைக்காக.) பெரியவர் எங்களைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நாங்க என்ன குத்தம் பண்ணுனோம்? குடைக்கு ஒத்த ஓட்டுத்தானுங்களே உழுந்திருக்குது?" என்றார் கவுண்டர்.

"குத்தமா? குடை மூணாவதா இருந்துச்சுங்க. எல்லாரும் பாத்தோம். அப்பத்தான் தெரிஞ்சுது, சின்ன பாய் சொன்ன தகிடுதத்தம் இதுதான்னு. ஒருத்தரும் ஏமாறல. அத்தன பேரும் நாலாவதுலதான் குத்துனோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு ஆளு மட்டும் சத்தியத்த மீறிப்போட்டாங்க போலருக்குது. நொம்ப அவமானமுங்க. யாருன்னு தெரிஞ்சா ஊர்க்கூட்டத்துல நிறுத்தோணும்."

கவுண்டரின் மகள் இடுப்புக் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

நான் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த முகங்களைப் பார்க்க அவ்வளவு வெட்கமாக இருந்தது. கவுண்டர் என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கரடியூருக்கு நடந்தார்.

ஜெயித்தது அந்தப் பெரிய கட்சிக்காரர்தான். ஓட்டே கேட்கப் போகாத ஊர் ஒட்டுமொத்தமாகத் தனக்குப் போட்டிருப்பதைக் கண்டு அவர் திகைத்துப்போனாராம். மறு வருஷம் ரோடு வந்தது. பின்னாலேயே பஸ்ஸும் வந்தது. திறப்பு விழா மேடையில் அவர் செம்மநத்தம் மக்களின் தீர்க்கதரிசனத்தைப் புகழ்ந்து அரை மணி நேரம் பேசினார். அத்தனையையும் கேட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த கவுண்டர் ஜன்னல் வழியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏறு சாமி. எனக்கு ஓட்டு வாங்கிக் குடுத்திருந்தீன்னா, இந்த ரோடு வந்திருக்குமோ என்னமோ."

இது கடைத்தெருவில் பரவாமல் இருக்குமா? இன்றைக்கும் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் எங்கள் கடை வாசலில் வந்து கும்பிடுகிறார்கள். ஓட்டுக் கேட்பதில்லை. எப்படியாவது அடுத்த கட்சிக்கு வேலை செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்.