லட்சுமி வெளியே போகாத வெள்ளிக்கிழமை

சிவமயம்
கண்டனூர், 18.12.2024

அன்பு மகள் ஜனனிக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கக் கோவிலூரில் ஒரு அர்ச்சனை செய்தேன். நான் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உன் புதுவீட்டுக்கு வேண்டுமென்று கேட்டாயே, உங்க ஆத்தா கடைசி வருஷம் சேலைக்கு ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்த லட்சுமி படம், அது நனைந்து கெட்டுப்போய்விட்டது.

கோபப்படாமல் மேலே படி. பன்னிரண்டாம் தேதி மழையில் முற்றத்தைச் சுற்றின வளவு ஓடு விலகி, தண்ணீர் சுவரோடு இறங்கிச் சட்டத்துக்குள் புகுந்துவிட்டது. உடனே செக்காலையில் படங்களுக்குச் சட்டம் போடும் சேவுகப்பெருமாளுக்குப் போன் போட்டேன். "ஈரம் காயிறதுக்குள்ள ஆட்டோவுல கொண்டாந்துருங்க. காஞ்சா கண்ணாடியில ஒட்டிக்கிரும்" என்றார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே, லட்சுமியை எப்படி வீட்டைவிட்டு வெளியே அனுப்புறது?" என்றேன். "வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டார். அப்புறம், "சரி, பின்பலகையைக் கழட்டிக் குப்புறப் போட்டுக் காய வைங்க" என்றார். மகாலட்சுமியைக் குப்புறப் போடுவதாவது! நாற்காலியில் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, ஃபேனைப் போட்டு, நீ விட்டுப்போன முடி காயவைக்கிற மெஷினையும் பிடித்தேன். பாத்திரம் தேய்க்க வந்த ராமுத்தாய், "என்னய்யா, சாமிக்குத் தலை காய வைக்கீகளா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இழுத்தேன். முகம் கண்ணாடியோட போயிருச்சு, சேலை மட்டும் கையில நிக்கிது. மூக்குத்திக்கு உங்க ஆத்தா ஒட்டின ஒத்தைச் சிவப்புக் கல்லு எங்குட்டுப் போச்சுன்னே தெரியலை. முழங்கால் வலியோட தரையெல்லாம் தேடினேன். அழுதேன்னே வச்சுக்க.

திங்கட்கிழமை சேவுகப்பெருமாளே வந்து பார்த்தார். "சேலை தப்பிச்சிருச்சு. வேற முகம் பிரிண்ட் எடுத்து ஒட்டித் தாரேன், குடுத்துவிடுங்க" என்றார். வேற முகமாம்! வேண்டாம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். தை மாதம் நீ பால் காய்ச்சும்போது கடையில் புது லட்சுமி வாங்கி வருகிறேன். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வெள்ளிக்கிழமையால் வந்தது. அப்பச்சியைத் திட்டாதே.

புதுவீட்டில் நீயும் மாப்பிள்ளையும் சிரித்த முகத்தோடு நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அப்பச்சி
குமரப்பன்

பி.கு.: நீ காலண்டரைப் பார்க்கிற பிள்ளை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை. சேவுகப்பெருமாளுக்கும் அது தெரியும். உங்க ஆத்தாளையும் ஒரு வியாழக்கிழமைதான், "டாக்டரைப் பாத்துட்டுச் சாயங்காலமே வந்துருவோம்"னு சொல்லி ஆட்டோவுல ஏத்தினேன். அவ வரலை. இதையும் ஏத்திவிட எனக்கு மனசு வரலை ஜனனி.