எதிரடியாருக்குப் பிடியரிசி

உலகம் உருண்டை என்று சொன்னவர்கள் பலர். அந்த உருண்டையால் ஒரு சபைக்கு என்ன உபயோகம் என்று கண்டறிந்தவர் ஞானசிகாமணி உபாத்தியாயர் ஒருவர்தான். பாளையங்கோட்டையை அடுத்த ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் காரியதரிசி அவர், வருஷம் 1911.

நம் உள்ளங்காலுக்கு நேர் கீழே, பூமியின் மறுபுறத்தில் இருக்கும் இடத்துக்கு 'எதிரடி' என்று பெயரிட்டார். அங்கே தலைகீழாகத் தொங்கும் சனங்களை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் தடவை போட்டுக்கொள்ளும்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

உலை வைக்கும்போதெல்லாம் சபைப் பெண்கள் எடுத்துவைக்கும் பிடியரிசி அதுவரை விதவைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகும் தானத்தில் என்ன மகிமை இருக்கிறது? 'எதிரடியார் சகாய சங்கம்' ஏகமனதாக நிறுவப்பட்டது. விதவைகளை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. கப்பல் அமையும்வரை அரிசி காரியதரிசி வீட்டுத் தானியக் குலுக்கையில் 'பத்திரமாக' இருக்கும் என்றும் தீர்மானமாயிற்று.

ஏழு மாதம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபகனி எழுந்தாள். புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள்.

"ஐயா, பிள்ளைய மூணும் ரெண்டு நாளாப் பட்டினி. கொஞ்சம் அரிசி தாங்க."

"ஏளா, அங்கன தலைகீழாத் தொங்குதவியள நெனச்சுப் பாத்தியா?"

"அவிய எங்கன இருக்காவன்னு காட்டுங்கய்யா. நானே கேட்டு வாங்கிக்கிடுதேன்."

அறிவைக் கேட்டால் மறுப்பவரா உபாத்தியாயர்? பள்ளிக்கூடத்துக் காகிதப் பூகோள உருண்டையைக் கொண்டுவந்து, திருநெல்வேலியில் பின்னல் ஊசியைக் குத்தினார். ஊசி மறுபுறம் நீலத்தில் வந்து நின்றது.

"என்னய்யா நீலமா இருக்கு?"

"கடல்."

"ஆளு?"

உபாத்தியாயர் ஊசியை உருவிக்கொண்டார். "மீன் இருக்கும்லா. அதுவும் கர்த்தர் படைச்சதுதான்."

"நம்ம புன்னக்காயல் கடல் மீனெல்லாம் சோறு கேக்கலயே ஐயா. அந்த அரிசிய விதவைகளுக்கே குடுத்திருங்க."

சபையார் சம்மதமாகத் தலையசைத்துவிட்டார்கள். எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். ஆளுயரக் குலுக்கை. அடியில் இருந்த துணியடைப்பைப் பிடுங்கினார்கள். ஒரு மணிகூட விழவில்லை.

"ஓரத்துல ஒட்டியிருக்கும், பொறுங்க" என்று உபாத்தியாயர் முக்காலியில் ஏறி, குலுக்கையின் மேல்வாய் வழியாகத் தலையை விட்டு, இடுப்புவரை உள்ளே போய்த் துழாவினார். முக்காலி சரிந்தது. வெளியே இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து ஆடின.

ஜெபகனி அவற்றை நிதானமாகப் பார்த்தாள்.

"ஐயா சொன்னது நெசந்தான். எதிரடியாரு தலைகீழாத்தான் தொங்குதாவ. நம்ம அரிசி பூராவும் அவியளுக்குத்தான் போயிருக்கு."