காலேபு எந்தக் குலம்?

பெந்தக்கோஸ்து ஞாயிறன்று மத்தியானம் இனியா வீட்டை விட்டுப் போனாள். கூடப் போனவன் செம்மல், நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுபவன். காரணம், அவள் அப்பா அருளாந்து கேட்ட ஒரு கேள்வி.

குலம் விசாரிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்த இனம்தான். சாதி என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள், நாகரிகமானவர்கள். "தம்பிக்கு எந்த ஊரு? அதுல எந்தத் தெரு? உங்க ஆளுங்களுக்குக் கல்லறையில எந்தப் பக்கம்?" கல்லறையிலும் சாதிக்கொரு பக்கம் உண்டே, மூன்றாவதில் ஆள் அகப்பட்டுவிடுவார்.

உயிரோடிருப்பவர்கள் தீர்ந்துபோனால்? விவிலியம் இருக்கிறதே! ஞாயிறு பூசை முடிந்து அருளாந்து நடத்தும் விவிலிய வகுப்பில் மோசேக்கும் தாவீதுக்கும் மதிப்பில்லை. ஒரு பக்கத்தில் தலைகாட்டிவிட்டு மறைகிற சில்லறை ஆட்கள்தாம் அவருக்கு வேண்டும். குழந்தை இயேசுவைக் கோவிலில் பார்த்த கிழவி அன்னாவா, ஆசேர் குலம். பர்னபாவா, பிறந்தது சைப்பிரசாக இருந்தாலும் லேவியர். இப்படி ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்திச் சொல்லி முடிக்கும்போது, நல்ல இடத்தில் சம்பந்தம் பேசிவிட்டு வந்த திருப்தி முகத்தில் வழியும்.

மோசே அனுப்பிய ஒற்றன் காலேபுவிடம்தான் மாட்டிக்கொண்டார். ஓரிடத்தில் யூதா குலத்துத் தலைவன். இன்னோரிடத்தில் கெனிசியன், அதாவது வெளியாள்.

"இங்கதான் உதைக்குது. எவனோ பாத்து உள்ள சேத்துட்டான்" என்றார் அன்றைய வகுப்பில்.

"கடவுளாத்தான் இருக்கும், முசியே" என்றாள் முன்வரிசை ஜெயம், பிரெஞ்சு மரியாதையோடு.

வகுப்பே சிரித்தது. அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தால், பெண் கேட்டுச் செம்மல் உட்கார்ந்திருக்கிறான்.

"உங்களுக்குக் கல்லறையில எந்தப் பக்கம்?"

"நான் இன்னும் சாவலீங்களே."

இனியா பையை எடுத்தாள். "காலேபுக்கே குலம் தெரியல, அவர வகுப்புல வச்சிருக்கீங்க. இவர வீட்டுல வச்சா என்னப்பா?"

அதன்பின் பேச்சில்லை. அருளாந்து வகுப்பில் காலேபுவைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார். செல்போன் சிணுங்கும்போதெல்லாம் கண்ணாடியைத் தேடுவார். பார்த்துவிட்டு, கழற்றி வைப்பார்.

இரண்டு வருடம் கழித்து வந்தது: "பேரன் பொறந்திருக்கான்பா. பேரு காலேபு. எந்தக் குலம்னு நீங்களே தேடிக்கிட்டு இருங்க."

'எந்த' என்று தட்டினார். பழக்கதோஷம். விரல் நின்றது. பிறகு மெதுவாக மீதியைத் தட்டினார்: "எந்த ஆஸ்பத்திரிம்மா? வந்துட்டேன்."

ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்படுகிறீர்கள். இருக்கட்டும். அந்தச் செம்மல் எந்த ஆட்கள் என்று முதல் பத்தியிலிருந்தே உங்களுக்கு அரிக்கிறதே, அதற்கு என்ன செய்வதாக உத்தேசம்?