மொறிஸ் மைனரில் ஒரு மாப்பிள்ளை

எனக்குப் புத்தி கெட்ட நேரத்தில் தடுக்க ஆள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆள் இருந்தார். லண்டன் டூட்டிங்கில் என்னோடு அறையைப் பங்குபோட்ட குலம் அண்ணை. "டேய், கலியாணம் பேசேக்கை ஒரு புது ஜப்பான் காரை வாங்கி வாசலிலை விடு. பழசுக்கு ஆசைப்படாதை" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டார். நான்தான் கேட்கவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிங்ஸ்பரியில் தமையன் வீட்டில் இருந்த வாசுகியை எனக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. எங்கள் இருவருக்கும் பிடித்தும் விட்டது (எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே). மிச்சம் இருந்தது அவளுடைய அப்பாவின் சம்மதம் மட்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைப் பார்ப்பதற்கென்றே லண்டன் வருகிறார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று வாசுகியே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, நான் கணக்கு எழுதிய அலுவலகத்தின் வெள்ளைக்கார முதலாளி ஒருநாள் கூரையை மடித்துவிட்ட பழைய கார் ஒன்றில் வந்து இறங்கினார். அலுவலகமே வாசலுக்கு ஓடியது. பக்கத்தில் நின்ற புத்தம்புதுக் கார்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓகோ, லண்டனில் மதிப்பு இதுக்குத்தான் போல என்று என் மரமண்டை முடிவுகட்டியது.

புறநகரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை ஆணி ஆணியாகக் கழற்றித் திருத்தி விற்பனைக்கு வைத்திருந்தார். பாசிப் பச்சை, சிவப்புத் தோல் இருக்கை, மடிக்கிற கன்வஸ் கூரை. நான் காரைப் பார்க்கப் போனால் அவர் என்னைப் பார்த்தார். எங்கே நிறுத்துவாய்? மழையில் விடுவாயா? குடிப்பாயா? பெண்ணைப் பெற்றவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கடைசியில் கூரையை மூடுகிற வித்தையை அரை மணி நேரம் விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் காரை வாங்கிவிட்டேன். (விளங்காத இடத்தில் தலையாட்டுவது எங்கள் பரம்பரைச் சொத்து.)

தகப்பனையும் மகளையும் எங்கள் அறைக்குச் சாப்பாட்டுக்கு அழைத்துவர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். குலம் அண்ணை முணுமுணுத்துக்கொண்டே கண்ணூறு கழிய நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார். நான் அதை நசித்துக்கொண்டு, கூரையை மடித்துவிட்டு, ராசா மாதிரிக் கிங்ஸ்பரிக்குப் போனேன்.

வாசுகியின் அப்பா, ஊருக்கே மாஸ்ரர், வெளியே வந்தார். வேட்டி, அதற்கு மேல் மகனுடைய குளிர்க் கோட்டு, கையில் குடை. காரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இருண்டுகொண்டு வந்தது.

"தம்பி, இங்கையும் பெட்றோல் தடையோ?"

"விளங்கேல்லை மாஸ்ரர்."

காரைச் சுற்றி வந்து குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார். "மண்ணெண்ணெயிலையோ ஓடுது?"

நான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே லண்டன் வந்துவிட்டவன். ஊரில் சண்டைக்காலப் பெட்றோல் தடைக்குப் பிறகு, இதே மொறிஸ் மைனர்கள்தான் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு, ஆளுக்கு மேல் ஆள் ஏற்றி, வாடகைக்கு விடும் ஹயர் கார்களாக ஓடின. கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டது மூளைவரைக்கும் போகவில்லை. மாஸ்ரர் அந்தக் கார்களில் வருஷக்கணக்காக அல்லாடிவிட்டு, இனியாவது ஒரு நல்ல காரில் ஏறலாம் என்று லண்டன் வந்திருக்கிறார்.

"நீர் கணக்கர் எண்டல்லோ சொன்னவை? ஹயர் ஓடுறனீரோ?"

"ஐயோ, இல்லை மாஸ்ரர். இதுக்கு இங்கை நல்ல மதிப்பு."

"நாங்கள் விதியே எண்டு இதிலை போறம். உமக்கு என்ன விதி?"

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவர் முன்னால் ஏறினார், வாசுகி பின்னால் ஏறினாள். ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, இரக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை.

நோர்த் சேர்க்குலர் வீதியில் மழை பிடித்தது. ஓரமாக நிறுத்திக் கூரையை இழுத்தேன். பாதி வந்து முரண்டு பிடித்தது. மாஸ்ரர் குடையை விரித்துக்கொண்டு இருந்தார். சரி, நனைந்துகொண்டாவது போவோம் என்று சாவியைத் திருகினால் கார் நாலுதரம் இருமிவிட்டு அடங்கிப்போனது.

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "வாசுகி, இறங்கு. தள்ளுவம்." அவளும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம் என்பது முதல் தள்ளிலேயே தெரிந்தது. கார் உறுமிக்கொண்டு எழும்பியது.

"நிப்பாட்டாதேயும் தம்பி! காரை ஓடும்! ஓடும்!"

ஓட்டினேன். பெரியவர் எனக்கு இட்ட முதல் கட்டளை, மீறலாமா? கண்ணாடியில் பார்த்தால் ஒரு குடையும் ஒரு நீலச் சேலையும் பின்னால் ஓடி வந்தன. இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று குழம்பிக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன். குடை சின்னதாகிப் பிறகு காணாமலே போய்விட்டது.

ஊரில் முறை வேறாம். மண்ணெண்ணெய்க் கார் பிடித்துவிட்டால் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் திரும்பத் தள்ள வேண்டும். சாரதி மெல்ல உருட்டிக்கொண்டு போக, தள்ளியவர்கள் ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். அது எனக்கு எங்கே தெரியும்? பெண்ணையும் தகப்பனையும் கொட்டுகிற மழையில் நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பது அடுத்த பாலத்தடியில்தான் உறைத்தது. போச்சுது, எல்லாம் போச்சுது என்று வாய்விட்டே அழுதேன். காரைத் திருப்பவும் வழியில்லை, நடுவில் தடுப்பு. சுற்றுவட்டத்தில் பிழையான பாதையை எடுத்து, எங்கெங்கோ போய், ஒருவழியாக வந்து சேர்ந்தபோது இருவரும் பஸ் தரிப்பில் நின்றார்கள்.

"நிப்பாட்டாதேயும்! மெல்ல உருட்டும், ஏறுறம்!" என்று மாஸ்ரர் ஓடத் தயாரானார்.

"அப்பா, ஓட ஏலாது. இவர் நிப்பாட்டட்டும்" என்றாள் வாசுகி.

நிறுத்தினேன். கார் செத்தது. மூவரும் பஸ்ஸில் போனோம். குலம் அண்ணை சமைத்து வைத்த ஆட்டிறைச்சிக் கறியை மாஸ்ரர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் போகிற பஸ் எதுவென்று குலம் அண்ணையிடம் கேட்டார். அன்றிரவு நான் சாப்பிடவேயில்லை.

மறுநாள் வாசுகி தொலைபேசி எடுத்தாள். "அப்பாவுக்குச் சம்மதமாம்."

"என்னெண்டு?"

"சொன்ன சொல்லுத் தட்டாத பொடியனாம்." பிறகு அவள் சிரிக்கிறாள் என்பது தெரிந்தது. "எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு."

காரைக் கிழவரிடமே திருப்பிக் கொண்டுபோனேன். நனைந்த இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, மகளை வாழாவெட்டியாகக் கூட்டிவந்த மருமகனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கலியாணத்தன்று மண்டப வாசலில் பூக்கட்டிய கார் நின்றது, ஓட்டுவது நான்தான். இப்போது மாமாவாகிவிட்ட மாஸ்ரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வாசுகியைத் தன் கையால் ஏற்றி, கதவைச் சாத்தி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். பிறகு என் பக்கக் கண்ணாடிக்குக் குனிந்து சொன்னார்:

"இப்ப ஓடும்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதைச் சொல்லாமல் கார் நகராது. தமிழில் வேறொன்றும் ஒழுங்காக வராத என் இரண்டு பிள்ளைகளும், பெல்ட்டைப் போட்டதும், தாத்தாவின் குரலில் அதைமட்டும் அச்சொட்டாகச் சொல்லுவார்கள்.