ஸ்கூட்டர் தள்ளிய குதிரை

ஒரு காட்டில் ஒரு குதிரை இருந்தது. அந்தக் குதிரையிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. நான்கு கால் உள்ள பிராணிக்கு இரண்டு சக்கரம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். தெருமுனைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்க வண்டியை எடுக்கிறவர்களுக்குச் சிரிக்கும் உரிமை கிடையாது.

குதிரையின் பெயர் கனகசபை. காட்டின் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். பெட்ரோல் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் காட்டு ராஜாவான சிங்கம் வானொலியில் பேசியது. குடிமக்கள் அனைவரும் மாற்றுப் போக்குவரத்துக்கு மாறி எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பேசி முடித்ததும் எட்டுக் கார்கள் புடைசூழ வீட்டுக்குப் போயிற்று. அதன் வீடு வானொலி நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தது.

கனகசபை ஓர் அப்பாவி. ராஜா சொன்னதை நம்பிவிட்டது. மறுநாள் காலை ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, டிபன் கேரியரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடியே அலுவலகம் போனது. பதினைந்து நிமிடம்தான் ஆயிற்று. ஸ்கூட்டரில் போனால் சிக்னலில் எல்லாம் நின்று நின்று போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். ஒரே மாதத்தில் அதற்குத் தொப்பை கரைந்தது, மூச்சிரைப்பு நின்றது, பெட்ரோலுக்கு அழுத பணமும் கையில் நின்றது. ஒழுங்கான நீதிக்கதை என்றால் இந்த இடத்தில் முடிந்திருக்கும். ஆனால் இது கல்யாண வயதில் மகள் இருக்கிற வீடு.

மகளின் பெயர் செண்பகா. அதுவரை மூன்று வரன் வந்து போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில் தட்டிப்போனது, ஒன்று உயரத்தில் தட்டிப்போனது, மூன்றாவது எதில் தட்டிப்போனது என்று இன்றுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்காவதாகத் தென்காட்டிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போனது. "இந்தப் பையன் பரவாயில்லப்பா" என்றது செண்பகா. அந்தப் பெண் எதையும் அதற்கு மேல் புகழ்ந்ததே இல்லை. இந்த இடம் கைநழுவிவிடக் கூடாதே என்று கனகசபைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டைப் பற்றிப் பெண் வீட்டில் கேட்க மாட்டார்கள், தெருமுனை இஸ்திரிக் கடையில்தான் கேட்பார்கள். ஊர்த் துணியையெல்லாம் பார்க்கிறவனுக்கு ஊர் உண்மையெல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. கடை வைத்திருந்தது ஒரு கழுதை. மாப்பிள்ளையின் அப்பா அந்தத் தெருவிலேயே உறவுக்காரர் வீட்டில் வந்து தங்கிக்கொண்டு, வெளுத்த சட்டை ஒன்றைத் தேய்க்கக் கொடுக்கிற சாக்கில் விசாரித்தது.

"கனகசபை சார் எப்படிங்க?"

"தங்கமானவருங்க. பாவம்."

"என்ன பாவம்?"

"ஒரு மாசமா நடந்துதாங்க போறாரு. வண்டி வாசல்லயே நிக்குது. என்ன கஷ்டமோ, வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாரு."

அன்று மாலையே கல்யாணத் தரகர் நரி, கனகசபையின் வீட்டுக்கு வந்தது. கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அவங்க யோசிக்கறாங்க. வண்டியிருந்தும் நடந்து போற மனுஷர் கல்யாணத்தை எப்படி நடத்துவாருன்னு கேக்கறாங்க."

"பெட்ரோல்ல மிச்சம் பிடிச்ச காசைக் கல்யாணத்துக்குத்தானே சேத்து வெச்சிருக்கேன்?"

"அதை வெளிய சொல்லிடாதீங்க. வசதியானவங்க நடந்தா அதுக்குப் பேரு வாக்கிங். குமாஸ்தா நடந்தா அதுக்குப் பேரு வேற. மாப்பிள்ளையோட அப்பா வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கயே இருந்து பாக்கறாராம். அப்புறம்தான் முடிவு சொல்வாராம்."

நரி போன பிறகு செண்பகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது: "நடந்து போனா பிடிக்காத வீட்டுக்கு நான் எதுக்குப்பா போகணும்?" வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு சொல்லவில்லை. கனகசபைக்கு அது தெரிந்தது. தான் ஓடிய ஓட்டத்தை நினைத்து அதற்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை வெளியே எடுத்தது. உதைத்துப் பார்த்தது. குதிரை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. பங்க்கோ மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூனிக் குறுகித் தள்ளிக்கொண்டு கிளம்பியது.

"என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?" என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கழுதை எழுந்து நின்றது. ஒரு மாதமாக அது எழுந்து நின்றதில்லை. காரில் போன எருமை பிரேக் போட்டு நிறுத்தி, தெரிந்த மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தது. மாப்பிள்ளையின் அப்பாவே உறவுக்காரர் வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்து கொஞ்ச தூரம் கூடத் தள்ளியது.

"வண்டின்னு இருந்தா இப்படித்தாங்க. என்ன கோளாறு?" என்றது.

கனகசபைக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை. "பார்ட்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம்" என்றது.

"அடேயப்பா" என்றது மாப்பிள்ளையின் அப்பா. குரலில் அத்தனை மரியாதை.

பங்க் வந்தது. கனகசபை விலைப் பலகையைப் பார்த்தது. வழியெல்லாம் கிடைத்த வணக்கங்களை எண்ணிப் பார்த்தது. நிற்காமல் தள்ளிக்கொண்டே அலுவலகம் போய்விட்டது. மறுநாளும் தள்ளியது, அதற்கு மறுநாளும் தள்ளியது. ஓடினால் பதினைந்து நிமிடத்தில் போகிற தூரம், தள்ளிக்கொண்டு போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதுகு விட்டுப்போனது. வெள்ளிக்கிழமை சம்மதம் வந்துவிட்டது.

கனகசபைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து மற்றவையும் தள்ள ஆரம்பித்தன. கரடி தள்ளியது, காட்டெருது தள்ளியது, காலில் காற்றைக் கட்டிக்கொண்டு பிறந்த மான்கூட ஒரு மொபெட் வாங்கித் தள்ளியது. ஹெல்மெட் இல்லாமல் தள்ளியவர்களுக்குப் போக்குவரத்துக் குரங்கு அபராதம் போட்டது. தன் பேச்சால்தான் காட்டின் பெட்ரோல் செலவு பாதியாகிவிட்டது என்று சிங்கம் மறுபடி வானொலியில் பேசி, மறுபடி எட்டுக் காரில் வீட்டுக்குப் போயிற்று.

நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி சிரித்துக்கொண்டே சொன்னது: "எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம். பையனுக்கு ஒரு கார் மட்டும் பண்ணிடுங்க. மாமனாரும் ஸ்கூட்டர் தள்ளி, மாப்பிள்ளையும் ஸ்கூட்டர் தள்ளினா நல்லாவா இருக்கும்?"

மிச்சம் பிடித்த பெட்ரோல் காசெல்லாம் காரின் முன்பணத்துக்கே சரியாகப் போயிற்று. மீதிக்குக் கடன்.

கல்யாணம் ஆன மறுநாள் மணமக்கள் காரில் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் போட யாரிடமும் காசில்லை. கனகசபை பின்னால் நின்று தள்ளியது. மேட்டில் அதற்கு நாக்குத் தள்ளியபோது செண்பகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியது.

"அப்பா, நாம எல்லாருமே குதிரைதானே. எறங்கி ஓடினா அஞ்சு நிமிஷத்துல கோயிலுக்குப் போயிடலாமேப்பா."

"தலைய உள்ள இழுத்துக்கோம்மா" என்றது கனகசபை, மூச்சு வாங்கிக்கொண்டே. "சம்பந்தி பாத்துட்டு இருக்காரு."

நீதி: பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சொந்தக் காலைப் போன்ற மாற்று வாகனம் வேறில்லை, ஆனால் அது வெளியே தெரியாமல் இருக்க அவசியம் ஒரு வண்டி வாங்கிவிடுங்கள்.