கோல்போஸ்டுக்குப் பூஜை போட்ட நாத்திகர்

கடவுளே கிடையாது என்று காலையில் ஒரு தரம், மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது ஒரு தரம் அடித்துச் சொல்லிவிட்டு, ஒரு கால்பந்து அணிக்கே குலகுருவாக நின்ற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் நான் பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

கல்கத்தாவில், பவானிபூரில் நான் காமர்ஸ் நடத்திய கல்லூரியில் அவர் கெமிஸ்ட்ரி. கோபிசெட்டிபாளையம் பக்கம். மூன்று தலைமுறையாகக் கறுப்புச் சட்டைக் குடும்பம். தன் கல்யாணத்தை மாலை மாற்றிக்கொண்டு பத்தே நிமிஷத்தில் முடித்ததாகப் பெருமையாகச் சொல்வார். அப்பேர்ப்பட்டவருக்குக் கல்லூரி முழுக்க ஒரே பெயர், டாகுர் மொஷாய். வங்காளத்தில் பூசாரியை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பார் பூஜையைச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு வேறு எந்த பாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பொய்லா பொய்ஷாக், அதாவது வங்காளப் புத்தாண்டு, அன்றைக்கு இந்த ஊரில் பெரிய கிளப் முதல் சந்து டீம் வரை கோல்போஸ்டின் குறுக்குக் கட்டைக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பூஜை செய்வார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருஷத்துப் பந்தை உதைப்பார்கள். எங்கள் கல்லூரியிலும் டீம் ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த வழக்கம் உண்டு. கோப்பை வாங்கும் வழக்கம்தான் இல்லை. யூனிவர்சிட்டிப் போட்டியில் முதல் சுற்றிலேயே கௌரவமாகத் தோற்று, ஜெயித்தவர்களுக்குச் சிங்காடாவும் டீயும் கொடுத்து வழியனுப்புவதுதான் எங்கள் மரபு. சிங்காடா என்றால் நம் சமோசாவின் வங்காளத்து ஒன்றுவிட்ட தம்பி.

அவர் சேர்ந்த வருஷம் பூஜைக்குப் புரோகிதர் வரவில்லை. புத்தாண்டு அன்று கடைக்காரர்கள் எல்லாரும் புதுக்கணக்கு போடுவார்கள், புரோகிதர்களுக்கு ஏக கிராக்கி. எங்களுடையவரைப் பாதி வழியில் ஒரு நகைக்கடைக்காரர் ரிக்‌ஷாவோடு கடத்திக்கொண்டு போய்விட்டதாகத் தகவல் வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த பிஜன்-தா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தா, தாதா எல்லாம் வங்காளத்தில் அண்ணன்தான். அவர் பார்வை கெமிஸ்ட்ரியில் வந்து நின்றது.

"தாதா, நீங்க தமிழ்நாட்டுக்காரராச்சே. நாலு மந்திரம் சொல்லிடுங்க."

விந்திய மலைக்குத் தெற்கே பிறந்த குழந்தை எல்லாம் வேதம் படித்துவிட்டுத்தான் தயிர் சாதம் சாப்பிட வரும் என்பது வங்காளிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வீட்டுல சாமி படமே கிடையாதுங்க" என்றார் இவர்.

"என்ன அடக்கம் பாருங்க" என்று பிரின்ஸிபால் நெகிழ்ந்து போனார்.

"அடக்கமெல்லாம் இல்லீங்க சார், நெசமாத்தான் சொல்றேன்."

"பெரிய பண்டிதருங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று பிஜன்-தா மணியை அவர் கையில் திணித்துவிட்டார்.

எதிரே பையன்கள் செருப்பில்லாமல் வெயிலில் கைகூப்பி நின்றார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்தார். என்ன தோன்றியதோ, மணியை ஆட்டினார், கண்ணை அரைவாசி மூடினார், இழுத்து இழுத்து ஒரு ராகத்தில் ஆரம்பித்தார்.

"ஈரோடூ... சித்தோடூ... கவுந்தப்பாடீ... ஒத்தக்குதிரை... கோபீ..."

அந்தக் கல்லூரியில் தமிழ் தெரிந்த இன்னொரு ஜீவன் நான்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, நான் வளர்ந்ததெல்லாம் கல்கத்தா. இருந்தாலும் இது வேதமில்லை என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்குத் தமிழ் வரும். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் கோபியோடு நிறுத்தவில்லை. கரட்டடிபாளையம், காசிபாளையம் என்று போய்க்கொண்டே இருந்தார். 'காசி' காதில் விழுந்ததும் பிரின்ஸிபால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். சத்தியமங்கலத்தில் மணி ஓய்ந்தது.

அப்புறம் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "என்ன சார் அது?"

"எங்கூரு பஸ்சுங்க அம்மிணி. படிக்கற காலத்துல கண்டக்டர் தெனமும் கத்துவாருங்க. மனப்பாடமா வர்றது அது ஒண்ணுதான்."

"மந்திரம்னு நம்பறாங்களே, ஏமாத்தறதில்லையா?"

"அதுல ஒரு வார்த்தை பொய் இருக்குதுங்களா? எல்லாம் இருக்கற ஊருங்க."

இதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த வருஷம் பார்த்து எங்கள் பையன்கள் கோப்பையை வாங்கித் தொலைத்தார்கள். அவ்வளவுதான், மனிதர் மாட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் அசல் புரோகிதர் தானாகவே வந்து நின்றபோது அவரை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாலிபால் வலைக்குப் பூஜை, பெண்களின் கபடிப் பாய்க்குப் பூஜை, புது கேரம் போர்டுக்குப் பூஜை. இவரும் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். கேரம் போர்டுக்கு டவுன் பஸ். கபடிக்கு சத்தி வரை. இறுதிப் போட்டி என்றால் திம்பம் மலை ஏறி மைசூரிலேயே போய் இறங்குவார். பூஜை முடிந்து கொடுக்கும் சந்தேஷை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். கேட்டால், "நாத்திகத்துக்கும் இனிப்புக்கும் என்னங்க பகை?" என்பார்.

ஒரு வருஷம் குட்டு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பிஜன்-தா பூஜைக்குத் தலைமை விருந்தினராக கரியாஹாட்டிலிருந்து ஒரு வங்கி மேனேஜரை அழைத்து வந்திருந்தார். பேச்சுக் கொடுத்தால் தமிழர். ஊர் பவானி. டாகுர் மொஷாய் அசரவில்லை, ஈரோட்டில் வண்டியை எடுத்தார். மேனேஜர் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பிரின்ஸிபால் ஆவலாக, "எங்க பண்டிதர் எப்படி?" என்றார்.

"உச்சரிப்பு ரொம்பச் சுத்தம்" என்றார் மேனேஜர். பிறகு இவர் பக்கம் சாய்ந்து மெதுவாக, "நடுவுல நாலஞ்சு ஊரை விட்டுப்போட்டீங்களே?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எக்ஸ்பிரஸ்சுங்க. அங்கெல்லாம் நிக்காது."

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை. பிரின்ஸிபால் மாறினார், காலமும் மாறியது. சேர்க்கை குறைந்தது. பாதிப் பையன்கள் காலேஜுக்குப் பரீட்சை எழுத மட்டும் வந்தார்கள். கல்லூரிக் கமிட்டி கூடி, இந்த வருஷம் கோப்பை வராவிட்டால் கால்பந்து டீமைக் கலைத்துவிடுவது, பின்னால் இருக்கும் மைதானத்தைக் கார் நிறுத்த விடுவது என்று முடிவு செய்தது. புத்தாண்டுக்குச் சில நாள் முன்னால் கோல்கீப்பர் பொல்ட்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"சார், இந்த வருஷம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க சார். உங்களைத்தான் நம்பியிருக்கோம்."

அவன் படி இறங்குகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அம்மிணி, உங்களுக்கு நெசமான சாமி பாட்டு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இத்தனை நாளும் வெளையாட்டுங்க. இப்ப பசங்களுக்குப் போறதுக்கு வேற எடம் இல்லீங்க. இப்பவும் போயி பஸ் ஸ்டாப்பைச் சொல்றது நல்லால்லீங்க. சரியாச் சொல்லோணும்."

பிள்ளையார் பாட்டு ஒன்று, நாலு வரி, சொல்லிக் கொடுத்தேன். லேபில் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்துப் பழகினார். மூன்று தலைமுறைக் கறுப்புச் சட்டையை அந்தப் பையன்களுக்காகக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார் மனிதர். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல் இருந்தது.

பூஜையில் எப்போதும் சந்தேஷ் தட்டின் மேல் ஒரு கண் வைத்திருப்பவர், அன்றைக்கு இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். நாலு வரியும் தப்பில்லாமல் வந்தது. மணியைக் கீழே வைத்தார். பையன்கள் கூப்பிய கையோடு அப்படியே நின்றார்கள். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"அவ்வளவுதானா சார்?" என்றான் பொல்ட்டு.

"அவ்வளவுதாம்ப்பா."

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிஜன்-தா என்னிடம் வந்து, "அவருக்கு உடம்பு சரியில்லையா? தொடங்கினதுமே நிறுத்திட்டாரே" என்று கவலைப்பட்டார்.

தட்டுத் தடுமாறி அரையிறுதி வரை வந்தார்கள். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் அடித்த பந்து, கோல்கீப்பரைத் தாண்டி, பூஜை போட்ட அதே கட்டையில் பட்டுத் திரும்பி வந்தது. விசில் ஊதிவிட்டார்கள். பொல்ட்டு பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மரபு மாறாமல் ஜெயித்தவர்களுக்குச் சிங்காடா கொடுத்தோம். தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்தது டாகுர் மொஷாய்தான்.

தட்டு காலியானதும் என்னிடம் வந்தார். "நாந்தான் கெடுத்துப்போட்டனுங்க அம்மிணி."

"நீங்க என்ன சார் பண்ணினீங்க? பந்து பட்டுத் திரும்பிச்சு."

"இல்லீங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது சத்திக்குப் போற பஸ்சுங்க. நாம்பாட்டுக்குச் சாமியக் கூப்புட்டுட்டேன்."

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. எத்தனையோ சமாதானம் சொன்னேன், எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் டீமைக் கலைத்தார்கள். கோல்போஸ்டைப் பிடுங்கி, மைதானத்துக்கு சிமென்ட் பூசி, கோடு கிழித்துக் கார்களை நிறுத்தினார்கள். அவரும் ரிட்டயராகிக் கோபிக்கே போய்விட்டார். அவரை வழியனுப்பும் கூட்டத்தில் எல்லாரும் அவருடைய பக்தியைப் பற்றிப் பேசினார்கள். அவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் போன் செய்வார். கல்லூரியைப் பற்றிக் கேட்க மாட்டார். "பசங்க எப்படி இருக்கறாங்க?" என்பார். பொல்ட்டு பைக்கில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறான், கேப்டனாக இருந்தவன் கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று நான் சொல்வேன்.

"வெளையாடறாங்களா?"

"நேரமில்லைங்கறாங்க சார்" என்றேன் இந்த வருஷம்.

"மழை பேஞ்சா அந்தக் கிழக்காலக் கோல்கிட்டத் தண்ணி நிக்குமுங்க அம்மிணி. பசங்க வழுக்கி விழுந்துருவாங்க. பிஜன்-தாகிட்டச் சொல்லி மண்ணு போடச் சொல்லுங்க."

அங்கே இப்போது பிரின்ஸிபாலின் வெள்ளைக் கார் நிற்கிறது. அது அவருக்கும் தெரியும்.

"சரிங்க, சொல்லிடறேனுங்க" என்றேன்.