உப்பில்லாத படகு

உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினை நாக்கை வைத்தே கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான் இருக்கிறான். அவன் பெயர் வெர்லின் ஸ்டாம்பர். இதைச் சொன்னவனும் வெர்லின் ஸ்டாம்பர்தான் என்பதால் இதில் சந்தேகப்பட ஏதுமில்லை.

திங்கட்கிழமை காலை அந்த மனிதன் ஃபோர்ட் மையர்ஸில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தியின் வீட்டு முற்றத்தில், இருபத்தெட்டடி வேகப்படகு ஒன்றின் எஞ்சின் குழிக்குள் தலைகீழாகத் தொங்கி, ஒரு போல்ட்டை நக்கிக்கொண்டிருந்தான். அவன் கால்களை மச்சினன் டுவெய்ன் பிடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் மோரீன் தன் பணிக்காலத்தில் எவ்வளவோ பார்த்தவள். அதனால் அவன் வாய் துடைக்க ஒரு துணியை எடுத்து வைத்தாள்.

விஷயம் இதுதான். வேகப்படகின் எஞ்சின் தான் ஓடும் தண்ணீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஏரித் தண்ணீர் என்றால் பாதகமில்லை. கடல் தண்ணீர் என்றால் உப்பு உள்ளேயே தங்கி இரும்பை அரிக்கும். வெளியே மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். உள்ளே செல்லரித்த கதவு மாதிரி இருக்கும். ஆகவே வெர்லின் குடியிருக்கும் கேப் கோரலில் கால்வாய்க் கரையில் வீடு வைத்திருக்கும் எந்த ஆம்பளைக்கும் வாழ்க்கையில் ஒரே கனவுதான்: உப்பே படாமல் ஏரியில் வளர்ந்த ஒரு பழைய படகைக் கண்டுபிடித்துக் கடலில் விட வேண்டும்.

விற்பவன் பொய் சொல்லுவான், விளம்பரம் பொய் சொல்லும், எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரும் பொய் சொல்லும், உப்பு மட்டும் பொய் சொல்லாது என்பது வெர்லினின் சித்தாந்தம்.

அவன் மனைவி நாடீனுக்கு வேறொரு சித்தாந்தம் இருந்தது. மூன்று வருடம் முன்பு வெர்லின் தேர்ந்தெடுத்த படகு நடுக்கடலில் உயிரை விட்டபோது அவளும் அதில் இருந்தாள். ஐந்து மணி நேரம் கழித்து ஒரு இறால் படகு இழுத்து வந்து கரை சேர்த்தது. அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னால் படகுத்துறை காலியாகக் கிடந்தது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தும் லிஃப்டில் பெலிகன் பறவைகள் உட்கார்ந்து எச்சமிட்டன. இந்த முறை வாங்குவதற்கு முன் படகு சோதிக்கிற லைல் பெக்கமைக் கூப்பிட்டுக் காட்டு என்று நாடீன் சொல்லியிருந்தாள்.

"அந்தாளு டார்ச் அடிச்சு எட்டிப் பாப்பான், அதுக்குக் கூலி வேற. என் வாயில எத்தனை பல்லுன்னு எண்ண நான் வெளியாள் வெக்கணுமா?" என்றான் வெர்லின். ஏசி மெக்கானிக்காக முப்பது வருடம் மற்றவர்கள் வீட்டு மெஷினைத் திறந்து பார்க்கக் கூலி வாங்கியவன் அவன். அது வேறு தொழில்.

இப்போது குழியிலிருந்து வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உப்பு," என்றான்.

"கடல்ல ஓட்டின படகுப்பா, உப்பு இல்லாம?" என்றாள் மோரீன். ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அறுநூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விட்டு எஞ்சினைக் கழுவியிருக்கிறாள். நோயாளிக்குக் காய்ச்சல் குறித்து வைப்பதுபோல் தேதி போட்டுக் குறித்திருந்தாள்.

வெர்லின் நோட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். நோட்டை யாராலும் எழுத முடியும்.

டுவெய்ன் மட்டும் காரில் ஏறாமல் பின்தங்கினான். திரும்பி வரும்போது அவன் கையில் மோரீன் படகின் சாவி இருந்தது.

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே மச்சான்," என்றான்.

டுவெய்ன் இருந்தது மூன்றாவது மாடி அபார்ட்மென்டில். அங்கே படகு நிறுத்த முடியாது என்பது அவனுக்குச் சாவி வாங்கிய பிறகுதான் உறைத்தது. அன்று இறாலும் சோளக்கஞ்சியும் பரிமாறிக்கொண்டே நாடீன் வழி சொன்னாள்.

"இங்க பாரு வெர்லின். நம்ம துறை சும்மாதான கெடக்கு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள உன் படகு ஸ்டார்ட் ஆகி லிஃப்ட்ல நின்னா, துறை உனக்கு. இல்லன்னா என் தம்பிக்கு."

வெர்லின் கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்தான். துறை காலியாக இருந்தால் அது ஒரு மனிதனின் காத்திருப்பு. அதில் மச்சினன் படகு நின்றால், அதுவும் தான் நக்கித் துப்பிய படகு நின்றால், இனி ஆயுள் முழுக்கக் காலைக் காப்பியை அதைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நேபிள்ஸில் ஒரு படகு. வெர்லினின் நாக்கைப் பற்றி டுவெய்ன் ஊர் முழுக்கப் பரப்பியிருந்தான். விற்பவர் முன்னேற்பாடாக எஞ்சினை வினிகரில் குளிப்பாட்டி வைத்திருந்தார். வெர்லின் வாய் வைத்ததும் வெள்ளரி ஊறுகாய் ருசி வந்தது. உப்பில்லை, ஆனால் உப்பில்லாதவன் எதற்குக் குளிப்பாட்டுகிறான் என்று அதையும் தள்ளினான்.

ஊறுகாய் ருசிக்கு அடியிலும் உப்பைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நாக்கைக் கூர்தீட்ட வேண்டும் என்று முடிவு செய்தான். அன்றிரவும் மறுநாள் காலையும் உப்பை அறவே விட்டான். உப்பில்லாத முட்டை, உப்பில்லாத கஞ்சி. நாடீன் தன் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புதன்கிழமை புன்டா கோர்டாவில் மூன்றாவது படகு. பழைய படகு பார்க்கப் போகிறவன் முதலில் போட வேண்டிய நிபந்தனை, நான் வரும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பது. சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். வெர்லின் இதை ஃபோனில் இரண்டு தடவை சொல்லியிருந்தான். விற்பவர் நல்ல மனிதர். வருகிறவர் சிரமப்பட வேண்டாமே என்று அரைமணி நேரம் ஓட்டிவிட்டு அப்போதுதான் அணைத்திருந்தார்.

தொட்டுப் பார்ப்பதற்கு வெர்லினுக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள் உப்பு விரதத்தில் கூர்மையான நாக்கை நேராகப் புகைபோக்கிக் குழாயில் வைத்தான்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல ஒரு சத்தம் வந்ததாக டுவெய்ன் பின்னால் பலரிடம் சொன்னான்.

அடுத்த இரண்டு நாளும் வெர்லின் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்தான். பேச்சில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்றாகிவிட்டன. இந்த நேரத்தில் லைலைக் கூப்பிட்டால் என்ன என்று நாடீன் இன்னொரு தடவை கேட்டாள். வெர்லின் சொன்ன பதில் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மறுப்பு என்பது புரிந்தது. டுவெய்ன் தினமும் ஃபோன் செய்து, சாவியைப் பாதி திருகினாலே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது என்று தெரிவித்தான்.

சனிக்கிழமை வெர்லின் நாடீனையும் அழைத்துக்கொண்டு ஒக்கிச்சோபி ஏரிக்கரைக்குப் போனான். அங்கே ஹாலிஸ் என்பவர் கொட்டகையில் ஒரு மஞ்சள் படகு வைத்திருந்தார். முப்பதடி, இரட்டை எஞ்சின், வயது பன்னிரண்டு. சீட்டெல்லாம் புத்தம் புதிது. தரைவிரிப்பு புதிது. மீட்டர்கள்கூடப் புதிது, எஞ்சின் மூன்று மணி நேரம் ஓடியிருப்பதாகக் காட்டின.

"பன்னெண்டு வருசத்துப் படகுல எதுக்கு எல்லாமே புதுசா இருக்கு?" என்று நாடீன் மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்குப் பேருதான் பராமரிப்பு," என்றான் வெர்லின்.

ஹாலிஸ் அதிகம் பேசுகிறவரில்லை. ஏரியிலேயே இருந்த படகு என்றார். உப்பு ஒரு துளி இருக்காது, அதற்கு எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன் என்றார். மற்றதற்கெல்லாம் அவர் சத்தியம் செய்ய முன்வரவில்லை. வெர்லினும் கேட்கவில்லை.

இந்த முறை முதலில் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எஞ்சின் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. நாக்கின் நுனி வேலை செய்யாததால் வலது ஓரத்தைப் பயன்படுத்தினான். முதல் எஞ்சினில் ஐந்து இடம், இரண்டாவதில் ஆறு இடம். எழுந்து நின்றபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. உப்பு இல்லை. ஓரத்தில் இல்லை, மூலையில் இல்லை, மரையின் இடுக்கில்கூட இல்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் இப்படியொரு சுத்தத்தை அவன் ருசித்ததில்லை.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவமா?" என்றாள் நாடீன்.

பேட்டரி இல்லை என்றார் ஹாலிஸ்.

பேட்டரி கடையில் கிடைக்கும், இந்தச் சுத்தம் கடையில் கிடைக்காது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான் வெர்லின்.

ஞாயிறு காலை புது பேட்டரி மாட்டிப் படகை ஊரின் பொதுப் படகுத்துறையில் தண்ணீரில் இறக்கினான். சாவியைத் திருகினான். 'டக்' என்றது. மறுபடி திருகினான். மறுபடி 'டக்'. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, வீட்டில் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கினான். அங்கிருந்து வீடு வரை இரண்டு கால்வாய் தூரம் மஞ்சள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது மோரீனின் பழைய படகு. ஓட்டியது டுவெய்ன். ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். வெர்லினுக்கு அதுதான் தாங்கவில்லை.

லிஃப்டில் ஏற்றிச் சார்ஜ் போட்டும் அதே 'டக்'. மணி பதினொன்றே கால். டுவெய்ன் கால்வாயின் நடுவே எஞ்சினை மெல்ல ஓடவிட்டபடி, மடியில் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தோடு, அவசரமே இல்லாதவனைப் போல் மிதந்துகொண்டிருந்தான். நாடீன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெர்லின் வீட்டின் பக்கவாட்டுக்குப் போனான். ஏசிப் பெட்டியின் மறைவில், அதன் இரைச்சலில் குரல் கேட்காத இடமாகப் பார்த்துக் குந்தி உட்கார்ந்து, லைல் பெக்கமின் எண்ணை அழுத்தினான்.

"அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா? கூலி என்னவோ குடுத்துடறேன். சத்தமில்லாம வாங்க," என்றான்.

லைல் சர்ச்சிலிருந்து நேராக வந்தார், சலவைச் சட்டையோடு. டார்ச்சைக் கையில் எடுத்தவர் படகைப் பார்த்ததும் அடிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்து எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் எண்ணெயோடு தண்ணீர் கலந்து, பால் அதிகமாகிப்போன காப்பி மாதிரி சொட்டியது. அவர் அதைத் துடைத்துத் திரும்பச் செருகினார். மணி பன்னிரண்டு ஆக நான்கு நிமிடம் இருந்தது.

வெர்லின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். உப்பு இருக்கிறதா என்று.

"சுத்தமா கெடையாதுப்பா, உன் நாக்கு கரெக்டாத்தான் சொல்லிருக்கு," என்றார் லைல். "போன புயல்ல முங்கி, ஏழு வாரம் ஏரிக்கு அடியில கெடந்த படகு இது. தூக்குனப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். அத்தன நாள் நல்ல தண்ணியில ஊறுனா எந்த உப்புய்யா நிக்கும்?"